கும்மிடிப்பூண்டியில் ஒரு குரல் பதிவு

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இது: “ஆமாம், பிரிசில்லாதான் பேசுகிறேன்.” அதைச் சொல்ல எனக்கு எந்தத் தடையும் இல்லை. பெண் குரல் இருக்கிறது, அவளுடைய பிறந்த தேதி தெரியும். சொல்லும்படி இரண்டு பேர் வற்புறுத்தினார்கள், அதில் ஒருவர் அதிகாரி. தொண்டையைக்கூடச் செருமிக்கொண்டேன். ஆனால் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்ட வேறு சில வாக்கியங்களும் உண்டு. அவை இந்த வலைப்பூவில் எழுதக்கூடியவை அல்ல.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூரில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாற்றுத்திறனாளி மாணவர்கள் அதன் பிறகு என்ன ஆனார்கள் என்று தொடர்ந்து விசாரிப்பது எங்கள் பணி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேட்போம்: படிக்கிறீர்களா, வேலைக்குப் போகிறீர்களா, வீட்டில் இருக்கிறீர்களா? போனில் கேட்போம். பார்வையற்றவர்களிடம் போனில், நடக்க முடியாதவர்களிடம் போனில், காது கேளாதவர்களிடமும் போனில். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். நான் சேர்வதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே இப்படித்தான் நடந்துவருகிறது. யாருக்கும் இது விசித்திரமாகத் தோன்றவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் எதிர்முனையில் யாரோ ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரிசில்லாவைப் பற்றி (பெயர்களை மாற்றியிருக்கிறேன்) எங்கள் அலுவலகத்தில் இருந்த தகவல்: வேலைக்குச் செல்கிறார், மேற்படிப்பில் விருப்பமில்லை என்று மாணவியே தெரிவித்தார். பிறவியிலேயே காது கேளாத, பள்ளியைத் தவிர வேறெங்கும் வாய் திறக்காத ஒரு பெண், போனில் தெரிவித்தாராம்! தெரிவித்தது அவளுடைய தங்கை ஜெனிஃபர். பத்து வயதிலிருந்து அந்த வீட்டில் அக்காவின் குரல் அவள்தான். கேஸ் கம்பெனிக்கு, பேங்குக்கு, பள்ளிக்கு, எல்லாவற்றுக்கும் “நான் பிரிசில்லா பேசறேன்” என்று ஜெனிஃபர் பேசுவாள். காது கேளாத பிள்ளை இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இப்படி ஒருவர் உருவாகிவிடுகிறார். அன்பினால் வரும் ஏற்பாடுதான், மறுக்கவில்லை. போன வருடம் சென்னையில் ஒரு கல்லூரி அவளுக்கு இடம் ஒதுக்கிவிட்டுப் போன் செய்தபோது, தினமும் யார் கூட்டிப்போவது என்று யோசித்த அப்பா, ஜெனிஃபரை “விருப்பமில்லை”ன்னு சொல்லச் சொன்னார். அவளும் சொன்னாள். அக்காவுக்கு விஷயம் தெரிய ஒரு மாதம் ஆனது. அன்றிலிருந்து பிரிசில்லா தன் போனுக்குப் பூட்டுப் போட்டுத் தன்னிடமே வைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை மாலை கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் உள்ள ஒரு தொழிற்பயிற்சி மையத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. உதிரிபாகங்களின் தரம் பார்க்கும் ஒரு வருடப் பயிற்சி, உதவித்தொகையோடு. முடித்தால் அங்கேயே ஏதாவது ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம். செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கென்று ஒதுக்கிய ஒரே இடத்துக்குப் பிரிசில்லா தேர்வாகியிருந்தாள். இரண்டாவது தொடர்பு எண்ணாக எங்கள் அலுவலக எண்ணைக் கொடுத்து, அவளாகவே விண்ணப்பித்திருக்கிறாள். “உங்க கேண்டிடேட் மூணு தடவையா போன் எடுக்கல மேடம். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணலன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்” என்றார் பேசியவர். அவங்களுக்குக் காது கேக்காதே சார் என்றேன். “ஆமா மேடம், அந்தக் கோட்டாதான்” என்றார்.

பிரிசில்லாவுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. தவறிய அழைப்புகளின் படம், அந்த எண்ணுக்கு அவள் அனுப்பி, போய்ச் சேராத நான்கு குறுஞ்செய்திகளின் படம், கடைசியாக ஒரு வரி: “நேர்ல போலாம் அக்கா. நான் நிக்கறேன், அவங்க பாக்கட்டும்.”

இனிப் பயணம். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை போய் வண்டி மாற வேண்டும். ஒரே மாவட்டத்தின் இரண்டு ஊர்களுக்கு நடுவே சென்னையைத் தொட்டுவிட்டு வரும் சுற்று. நான் முதலில் புதுவாயலில் உள்ள பிரிசில்லா வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் பஸ். காலை ஒன்பது பத்துக்குத் திருவள்ளூரில் ஏறினேன். பெரியபாளையத்துக்குச் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. வெள்ளிக்கிழமை என்பதால் பஸ் முழுக்க மஞ்சள் சேலைகள், வேப்பிலை, என் காலடியில் ஒரு சேவல். நீங்கள் இந்த வழியில் போவதாக இருந்தால் வெள்ளி, ஞாயிறு இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பெரியபாளையத்தில் அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். பதினொன்றே முக்காலுக்குப் புதுவாயல் கூட்டு ரோட்டில் இறங்கியபோது, கொல்கத்தா நெடுஞ்சாலையின் லாரிப் புழுதிக்கு நடுவில், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பிரிசில்லா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் தன் பெயர்ச் சைகையைக் காட்டினாள்: மோவாய்க் குழியில் ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு. எனக்கும் ஒரு பெயர்ச் சைகை வைத்திருக்கிறாள். அது என் மூக்கைப் பற்றியது, விவரம் வேண்டாம்.

வீடு கடைத்தெருவுக்குப் பின்னால், பத்து நிமிட நடை. அவளுடைய அம்மா எஸ்தர் அக்கா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்க்கிறார். அன்று அரைநாள் லீவு போட்டிருந்தார். அப்பா நைட் ஷிப்ட் முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். தாத்தா காலம் வரை இந்தக் குடும்பம் சுற்றுவட்டாரத்து நெல்வயல்களில் கூலி வேலைக்குப் போனது. இப்போது வீட்டில் மூன்று பேர் மூன்று கம்பெனி அடையாள அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பிரிசில்லாவின் அட்டை சாக்குப் பை தயாரிக்கும் யூனிட்டில் ஒப்பந்தக்காரர் கொடுத்தது. நாள் முழுக்க நின்றபடி பையின் ஓரத்து நூலை வெட்டுகிறாள்.

“நாஷ்டா துன்னியா, இல்ல வெறும் வயித்தோட வந்துகினியா?” என்று கேட்டுக்கொண்டே எஸ்தர் அக்கா தட்டில் சோறு போட்டுவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “யம்மா, நீயே பேசிட்டு வந்துடேன். இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் அலையணும்? பொண்ணு கொரலுதான கேக்கறானுங்க? ஜெனி ஸ்கூலுக்குப் பூட்டா, இல்லன்னா அவளே முடிச்சிருப்பா” என்றார்.

குரலைத் தாழ்த்தியது யாருக்காக என்று தெரியவில்லை. பிரிசில்லா அம்மாவின் உதடுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தன் தட்டைக் கீழே வைத்துவிட்டு விரல்களை அம்மாவின் முகத்துக்கு நேரே ஆட்டினாள். அது மறுப்பு என்று புரியச் சைகை மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

“ஐய, இவ கோவத்தப் பாரு. கோவத்துக்கு மட்டும் காது நல்லா கேக்குது” என்றார் எஸ்தர் அக்கா. அவரும் எங்களோடு கிளம்பினார்.

புதுவாயலிலிருந்து சிப்காட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போல. ஷேர் ஆட்டோவில் தலைக்கு முப்பது ரூபாய், ஆள் நிரம்பும்வரை நகராது. டிரைவருக்குப் பிரிசில்லாவை நன்றாகத் தெரிந்திருந்தது. பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு அதற்கு மேல் கத்தினார்: “இன்னா எஸ்தரக்கா, குடும்பத்தோட எங்க? மேடம், இந்தப் பொண்ணு ஒண்ணுதான் எனக்கு நல்ல சவாரி. மத்தவங்க எறங்கணும்னா கத்துவாங்க, இந்தப் பாட்டுல எனக்கு ஒண்ணும் விழாது, அடுத்த ஸ்டாப்புல எறக்கி வுட்டா பேஜாரு. இவ கண்ணாடியில கைய காட்டுவா, நானு டக்குனு நிறுத்திடுவேன்.”

“அப்ப பாட்ட கம்மி பண்ணேன்டா நைனா” என்றார் எஸ்தர் அக்கா.

“இன்னாக்கா சொல்றே? கேக்கல!”

ஆட்டோவில் எல்லாரும் சிரித்தார்கள். பிரிசில்லா என் தோளைத் தட்டி என்னவென்று கேட்டாள். நான் சைகையில் சொன்னேன். சற்றுத் தாமதமாக, எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அன்று நான் கோபமில்லாமல் இருந்தது அந்த முப்பது நிமிடம்தான்.

பயிற்சி மையம் சிப்காட்டின் உள்சாலை ஒன்றில், இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் சாய்தளம் அழகாகக் கட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட பலகை. இரண்டே முக்காலுக்குப் போனோம், மூன்றரைக்குக் கூப்பிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் நாற்பது வயதுக்காரர், மரியாதையானவர். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிரிசில்லாவைப் பார்த்துக் கைகூப்பினார். இவ்வளவு மரியாதையானவர்களிடம் கோபப்படுவது கஷ்டம். அதனாலேயே இன்னும் கோபம் வருகிறது.

“இவங்கதான் சார் பிரிசில்லா. ஆதார் இருக்கு, சர்ட்டிபிகேட் இருக்கு. விருப்பம்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறாங்க.”

“எனக்குத் தெரியுது மேடம். நான்தான் பாக்கறேனே. ஆனா சிஸ்டத்துக்குத் தெரியணும்ல? கன்ஃபர்மேஷன் கால் போகும், மூணு கேள்வி கேப்பாங்க, வாய்ஸ் ரெக்கார்ட் ஆகணும். அது இல்லாம சீட்டு லாக் ஆகாது.”

“காது கேக்காதவங்களுக்கான சீட்டு சார் இது.”

“கரெக்ட்தான்.”

“இதுக்கு முன்னாடி சேந்தவங்கல்லாம் எப்படிப் பேசினாங்க?”

“வீட்ல யாராவது பேசுவாங்க” என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல. “அண்ணன், தங்கச்சி, யாராவது. நாங்க அதெல்லாம் பெருசா எடுத்துக்கறதில்ல.” பிறகு மேசை மேல் சாய்ந்து, “நீங்களே பேசிடுங்க மேடம். லேடீஸ் வாய்ஸ்தான? பேரு, பொறந்த தேதி, விருப்பமா. ‘ஆமா’ன்னா முடிஞ்சிது. நான் இப்பவே கால் போடச் சொல்றேன். எனக்கு ஒண்ணும் காதுல விழல, சரியா?” என்று சிரித்தார்.

“பேசிடும்மா, உனக்குக் கோடி புண்ணியம்” என்றார் எஸ்தர் அக்கா.

ஒருங்கிணைப்பாளர் கணினியில் எதையோ தட்டியதும் பிரிசில்லாவின் போன் மேசையில் அதிர ஆரம்பித்தது. நான் கையை நீட்டினேன். ஆமாம், நீட்டினேன். அந்த இடம் அவளுக்குக் கிடைக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பிரிசில்லா என் மணிக்கட்டைப் பிடித்தாள். மறு கையால் போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு தன் பெயரைச் சொன்னாள்.

அவள் குரலை அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு பஸ்ஸில் பையன்கள் அதே மாதிரி பேசிக் காட்டிச் சிரித்ததால் வெளியிடத்தில் வாய் திறப்பதை அவள் நிறுத்திவிட்டாள். கனமான, அகலமான குரல். எழுத்துகளுக்கு நடுவே விளிம்பு இருக்காது. பழகியவர்களுக்குப் புரியும்.

“ஹலோ? ஹலோ? யாரு பேசறது? லைன் சரியில்ல போல. வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா குடுங்க.” ஒரு பெண்ணின் குரல். பிரிசில்லா மறுபடி தன் பெயரைச் சொன்னாள், இன்னும் சத்தமாக. அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். போன் துண்டிக்கப்பட்டது.

நானும் எஸ்தர் அக்காவும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரிசில்லா பார்த்தது வேறு இடத்தை. ஒருங்கிணைப்பாளருக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் ஹெட்செட் மாட்டிய ஒரு பெண். போன் துண்டிக்கப்பட்ட அதே நொடியில் அவளுடைய உதடுகள் அசைவதை நிறுத்தியதைப் பிரிசில்லா கவனித்திருக்கிறாள். எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டினாள். அந்தப் பெண் நிமிர்ந்தாள். பிரிசில்லா தன் போனைக் காட்டினாள், பிறகு தன்னைக் காட்டினாள்.

பத்தடி தூரத்திலிருந்து அழைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கும் இருபது வயதுதான் இருக்கும். முகம் சிவந்துபோய், “சார், இவங்களா சார்?” என்று வெளியே வந்தாள். “எனக்கு நம்பர் மட்டும்தான் சார் வரும், வேற எதுவும் காட்டாது.” ஒருங்கிணைப்பாளர் மறுபடி அழைக்கச் சொன்னார். அவள் உள்ளே போய், ஹெட்செட்டை மாட்டி, இந்த முறை கண்ணாடிக்கு அருகில் நின்றுகொண்டு, உதடுகள் நன்றாகத் தெரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். பேரு? பிரிசில்லா சொன்னாள். பொறந்த தேதி? சொன்னாள், இரண்டு முறை. பயிற்சியில் சேர விருப்பமா? “ஆமா” என்ற சொல் அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். அந்தப் பெண் கட்டை விரலை உயர்த்தினாள்.

“சூப்பர்மா, சூப்பர்!” என்று ஒருங்கிணைப்பாளர் கைதட்டினார்.

எஸ்தர் அக்கா கைதட்டவில்லை. “ஊர்ல எல்லாம் கேட்டு சிரிச்ச கொரலு இது. இத புடிச்சி வெச்சிகினு இன்னா சார் பண்ணப் போறீங்க?” என்று கேட்டார். வெளியே வந்ததும் அக்காவின் கோபம் என் பக்கம் திரும்பியது. “நீ ஒரு வார்த்த பேசியிருந்தா கட் அண்ட் ரைட்டா முடிஞ்சிருக்கும். படிச்ச பொண்ணு நீ. அவதான் சின்னப் புள்ள, புடிவாதம் புடிக்கறா. உனக்கு இன்னா வந்துச்சி?”

பிரிசில்லா எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். சாலையோரம் நின்று போனில் எதையோ எழுதி என்னிடம் நீட்டினாள்: “போன வருஷம் என் பேர்ல ஜெனி பேசினா. காலேஜ் போச்சு. இது போனாலும் நான் பேசிப் போகட்டும்.” எஸ்தர் அக்காவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவர் மகளின் துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டு, “வெயில்ல மூஞ்சி கருத்துப் போச்சி பாரு” என்றார்.

திரும்பும்போது நான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயில் பிடித்தேன். ஐந்தே கால் வண்டி, ஷிப்ட் விடும் நேரமாதலால் பொன்னேரி தாண்டும்வரை உட்கார இடமில்லை. பேசின் பிரிட்ஜில் மாறித் திருவள்ளூர் வந்து சேர எட்டே முக்கால். வழியெல்லாம் யோசித்தேன். படிப்பை விட்டவர், வேலையை விட்டவர், விருப்பமில்லாதவர், தொடர்பில் இல்லாதவர் என்று இத்தனை வருடமாக நாங்கள் எழுதி அனுப்பியவற்றில் எது யாருடைய வாயிலிருந்து வந்தது? அப்பாவா, மாமாவா, தங்கையா? எங்களை நம்பி யாரோ ஒருவர் எங்கோ கூட்டங்களில் புள்ளிவிவரப் படம் போட்டுக் காட்டி, இவர்களுக்கு ஆர்வம் குறைவு என்று பேசிக்கொண்டிருப்பார். ஆர்வம் குறைவாம். நான்கு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு வெயிலில் நின்றவள் அவள்.

இதே வேலையாகக் கும்மிடிப்பூண்டி போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் உள்சாலைகளுக்கு ஷேர் ஆட்டோ குறைவு, கேட் எண் தெரியாமல் கிளம்பினால் வெயிலில் சுற்ற வேண்டியிருக்கும். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். திருவள்ளூரிலிருந்து நேராகப் போவதென்றால் ரயில்தான் நல்லது. பள்ளி முடித்த பிள்ளைகளைப் பின்தொடரும் வேலையில் இருப்பவர்கள், கையில் உள்ள எண் யாருடையது என்பதை முதலில் கேளுங்கள். காது கேளாதவர்களுக்கு எழுதுங்கள், வீடியோவில் சைகையில் பேசுங்கள், முடியாவிட்டால் பஸ் ஏறிப் போங்கள். வீட்டார் சொல்லும் பதிலை வீட்டார் சொன்னது என்றே எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் பெயரில் எழுதாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் இதை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆட்கள் போதாது என்கிறார்கள். அது உண்மையும்கூட.

அடுத்த புதன்கிழமை பிரிசில்லாவின் போனுக்கு ஒரு தகவல் வந்தது. குரல் பதிவு தெளிவாக இல்லாததால் அவளுடைய ஒப்புதலை உறுதிசெய்ய முடியவில்லை, ஒதுக்கீடு ரத்து. அந்தத் தகவல் குறுஞ்செய்தியாக வந்தது. நான் மையத்துக்கு இரண்டு முறை எழுதினேன், ஒரு முறை நேரில் போனேன். மேலிடத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள்.

பிரிசில்லா இன்னும் பை யூனிட்டில்தான் நூல் வெட்டுகிறாள். வகுப்பு ஜூலையில் தொடங்கியது. அவளுடைய இடத்தில், காத்திருப்போரில் அடுத்ததாக இருந்த ஓர் இளைஞர் சேர்ந்திருக்கிறார். அவருக்கும் காது கேட்காது. போனில் அவருடைய அண்ணன் பேசினார்.